அப்பா போடாத கையெழுத்து

நம் வயதுக்காரர்கள் நான்கு பேர் கூடினால் பேச்சு சர்க்கரை, மூட்டு வலி என்று ஆரம்பித்து எப்படியும் பழைய வாடகை வீடுகளில் போய் முடியும். எந்த வீட்டில் கிணறு இருந்தது, எந்த வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார் என்று ஆளுக்கு ஒன்று சொல்லுவோம். நானும் சொல்லியிருக்கிறேன். கள்ளிக்குப்பம் வீட்டைப் பற்றி மட்டும் பாதியில் நிறுத்திவிட்டுக் காப்பி போட எழுந்து போய்விடுவேன். இன்று முழுவதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டுத் திட்டுவதாக இருந்தால் திட்டுங்கள்.

எண்பதுகளின் நடுவில் அங்கே குடிவந்தோம். எனக்குப் பத்து வயது. அப்பா டாக்டர். டாக்டர் என்றதும் கார், பங்களா என்று நினைத்துவிடாதீர்கள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதற்கு முன்னால் இன்னொன்று. இரண்டு இடத்திலும் மேலே இருப்பவர்களோடு சண்டை பிடித்து, ராஜினாமாவை எழுதி நீட்டிவிட்டு வந்தவர். நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது என்று அம்மா சொல்லுவாள். நியாயத்தை வைத்துக்கொண்டு எங்கே குடியிருப்பது என்று அடுத்த மூச்சில் அவளே கேட்பாள். இரண்டாவது தடவை குவார்ட்டர்ஸைக் காலி செய்ய மூன்றே நாள் தந்தார்கள். அந்த நேரத்தில்தான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலைக்கு டாக்டர் தேவை என்று அப்பாவின் கல்லூரித் தோழர் ஒருவர் கடிதம் போட்டார். முதல் ஆறு மாதம் தற்காலிகம், பிடித்திருந்தால் நிரந்தரம். யாருக்குப் பிடித்திருந்தால் என்பது கடிதத்தில் இல்லை.

லாரியில் ஏற்றிய சாமான்களில் அம்மாவின் ஆர்மோனியமும், அப்பாவின் மருத்துவப் புத்தகங்கள் இருந்த தகரப் பெட்டியும் வந்து சேரவில்லை. அப்பா மூன்று ஞாயிற்றுக்கிழமை லாரி ஆபீசுக்கு நடந்தார். நான்காவது ஞாயிறு, "எல்லாம் மண்டைக்குள்ள இருக்கு, போ" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். ஆர்மோனியம் அம்மாவின் மண்டைக்குள் இருக்க முடியாது என்பதால் அவள் கொஞ்ச நாள் அழுதாள்.

ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். கிணறும் குளியலறையும் பின்கட்டில் பொது. கிணற்றுத் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. காற்று எஸ்டேட் பக்கமிருந்து வீசினால் மெஷின் ஆயிலும் கருகிய ரப்பரும் கலந்த ஒரு வாசனை வந்து துவைத்த துணியில் ஒட்டிக்கொள்ளும். காலையில் சங்கு ஊதினால் தெரு முழுக்க சைக்கிள். எனக்கு அந்த ஊர் பிடிக்கவே இல்லை, முதல் நாள் சாயந்தரம் வரைக்கும்.

அன்று சாயந்தரம் பக்கத்து வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, எங்கள் இரும்புக் கட்டிலைத் தூக்க முடியாமல் அப்பா திணறுவதைப் பார்த்துவிட்டு, சைக்கிளைச் சாய்த்துவைத்து ஓடி வந்தார். இடது கையில் இரண்டு விரல் பாதிதான் இருந்தது. அதே தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் தகடு வெட்டுகிற வேலை அவருக்கு. கட்டிலை உள்ளே கொண்டு போய் வைத்த பிறகுதான் அப்பா யாரென்று கேட்டார்.

"இன்னா சார், நம்ம கம்பெனி டாக்டரா? மொதல்லயே சொல்லக்கூடாதா? நான் பாட்டுக்கு அந்தாண்ட புடி, இந்தாண்ட புடின்னு உங்கள அதட்டிகினு கீறேன்!"

அப்பா சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி தெருப் பம்பிலிருந்து ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து எங்கள் அடுப்படியில் வைத்தாள். அவர்களுக்கு ஒரே பெண், என் வயது, பள்ளிக்கூடத்திலும் என் வகுப்பு. நான் எங்கள் ஊர்ப் பேச்சில் "ஏட்டி" என்று கூப்பிட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். தன் அப்பாவை அவள் நைனா என்பாள். கொஞ்ச நாளில் நானும் அவரை மனதுக்குள் நைனா என்றுதான் நினைத்தேன்.

இப்போது 'மெடிக்கல்' என்றால் என்ன என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. உடம்பு சரியில்லை என்று தொழிற்சாலை டாக்டர் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டால் அன்றைய சம்பளம் வெட்டாமல் லீவு கிடைக்கும். அதற்குப் பெயர்தான் மெடிக்கல் போடுவது. பண்டிகைக்கு மறுநாள் மருந்தகத்து வாசலில் வரிசை நிற்கும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வயிற்று வலி வரும். அந்த ஊர் வழக்கம் அது. யாரும் அதைப் பெரிய பொய்யாக நினைக்கவில்லை. வந்த புதிதில் அப்பாவுக்கு இது தெரியாது. ஆயுத பூஜைக்கு மறுநாள், வலி என்று வந்தவர்களை எல்லாம் படுக்கவைத்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, பாவம் என்று இருபது பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்று பிரஸ் பிரிவில் பாதி மெஷின் ஓடவில்லை.

பெர்சனல் மேனேஜர் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். "டாக்டர், நீங்க வைத்தியம் பார்க்க வந்தீங்களா, லீவு சாங்ஷன் பண்ண வந்தீங்களா?" என்று கேட்டாராம். ஆறு மாதம் முடியும்போது தன்னிடம்தான் ஃபைல் வரும் என்றும் சொன்னாராம்.

பழைய அப்பாவாக இருந்தால் அங்கேயே காகிதத்தை எடுத்து ராஜினாமா எழுதியிருப்பார். அன்று பேசாமல் வீட்டுக்கு வந்தார். அம்மா சாப்பாடு போட்டபடி, "இதுவும் போயிட்டுன்னா இந்தப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்? சொல்லுங்க, எங்க போவேன்?" என்று கேட்டாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. வீட்டில் பயம் என்ன என்பதை நான் தெரிந்துகொண்டது அந்த வேளையில்தான். போக இடமில்லை என்பது பத்து வயதுக்கும் புரியும்.

அதிலிருந்து அப்பா மாறிவிட்டார். மருந்தகத்தில் யாரையும் நம்புவதில்லை. "எல்லாப் பயலும் நடிக்கான். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்று வீட்டில் வந்து சொல்லுவார். நோயாளியின் முகத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடித்தவர், பொய்யைக் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வரிசையில் நின்ற ஒருவருக்கும் கையெழுத்துப் போடவில்லை. மேனேஜர் கையைக் குலுக்கி, "இப்பதான் நீங்க கம்பெனி டாக்டர்" என்றாராம். அதை அப்பா வீட்டில் இரண்டு முறை சொன்னார். அம்மா சேமியா பாயசம் வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் சந்தோஷமாகக் குடித்தோம், பொய் சொல்வானேன்.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். இத்தனை மாதத்தில் பக்கத்து வீட்டு நைனா ஒரு நாள்கூட அப்பாவிடம் மெடிக்கல் கேட்டதில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் டாக்டர் இருக்கிறாரே என்று ஒரு தலைவலி மாத்திரைகூடக் கேட்டதில்லை.

பொங்கல் வந்தது. காணும் பொங்கல் அன்று மத்தியானம் கிணற்றடியில் என் சிநேகிதி என் காதைப் பிடித்து இழுத்தாள்.

"யாராண்டயும் சொல்லாத. நாளிக்கு எங்க நைனா மெடிக்கல் போட்டுகினு எங்கள பொருட்காட்சிக்கு இட்டுகினு போவுது. இன்னிக்குப் போனா கூட்டம் மெறிச்சிடும்னுச்சு. பெரிய ராட்டினம் கீதாம். நீயும் வர்றியா? எங்கம்மா உன்னையும் இட்டாரச் சொல்ச்சு."

எங்கள் பள்ளிக்கூடம் திங்கட்கிழமைதான் திறப்பு. நான் ராட்டினத்தைச் சினிமா போஸ்டரில் மட்டும் பார்த்தவள். போயே ஆக வேண்டும். ஆனால் அப்பாவிடம் நேராகக் கேட்டால் முடியாது என்பார், அம்மாவிடம் கேட்டால் அப்பாவைக் கேள் என்பாள். அதற்கு எனக்கு ஒரு குறுக்கு வழி தெரியும். எங்கள் மாதிரிக் கிறிஸ்தவக் குடும்பங்களில் வளர்ந்தவர்கள் இதைக் கேட்டதும் சிரிப்பீர்கள். தினமும் சாயங்காலம் குடும்ப ஜெபம் நடக்கும். பாட்டு, வேத வாசிப்பு, பிறகு ஒவ்வொருவராகச் சத்தமாக ஜெபிக்க வேண்டும். அப்பாவிடம் கேட்க முடியாததை எல்லாம் அப்பாவுக்குக் கேட்கும்படி ஆண்டவரிடம் கேட்பேன். புது செருப்பு அப்படித்தான் வாங்கினேன். ஜெபத்தின் நடுவில் பிள்ளையை அதட்ட முடியாது பாருங்கள்.

அன்று கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னேன்: "ஆண்டவரே, நாளைக்கு பக்கத்து வீட்டு மாமா மெடிக்கல் போட்டுட்டு எல்லாரையும் பொருட்காட்சிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. என்னையும் அனுப்ப அப்பாவுக்கு நல்ல மனசு தாரும். ஆமென்."

அம்மா ஆமென் சொன்னாள். அப்பா கொஞ்சம் தாமதித்துச் சொன்னார். பிறகு, "பக்கத்து வீட்டுக்காரரா? அவருமா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் முகம் வாடிப்போனது. அவர் மனது இளகுகிறது என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லாதே என்று அவள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆண்டவரிடம் சொல்வது சொல்வதில் சேராது என்று வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அப்பா என்னிடம் ஒன்றுமே சொல்லாமல் வேலைக்குப் போனார். போக அனுமதி இல்லை என்று அம்மா சொன்னாள். நான் பின்கட்டில் உட்கார்ந்து அழுதேன். சிநேகிதி பொங்கலுக்கு எடுத்த பட்டுப் பாவாடை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்து, வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நைனா கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒன்பது மணிக்குள் வந்துவிடுவாராம். ஒன்பதுக்கு வரவில்லை. பத்துக்கும் வரவில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. நான் போகாத இடத்துக்கு அவளும் போகவில்லையே என்று.

மருந்தகத்தில் நடந்ததை அங்கே வேலை பார்த்த கம்பவுண்டர் ஒரு வாரம் கழித்து வந்து அம்மாவிடம் சொன்னார். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். வரிசையில் பதினைந்து பேர். நைனா நான்காவதாக நின்றிருக்கிறார். முறை வந்ததும், "மேல்வயித்துல இறுக்கிப் புடிக்குது டாக்டர் சார், முதுகு வரிக்கும் வலிக்குது" என்றிருக்கிறார்.

அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாராம்: "பொருட்காட்சிக்கு எத்தனை மணிக்குக் கிளம்புதீங்க?"

வரிசை முழுக்கச் சிரித்திருக்கிறது. நைனாவுக்கு முகம் செத்துவிட்டது. "இல்ல சார், போவலாம்னு இருந்தது நெசந்தான். ஆனா..." என்று ஆரம்பித்திருக்கிறார்.

"ஆனாவெல்லாம் சாயந்தரம் வச்சிக்கிடலாம். நீங்களுமா இப்படி?" என்று சொல்லிவிட்டு, அஜீரணத்துக்கு வாயில் போட்டுச் சப்புகிற இளஞ்சிவப்பு மாத்திரை இரண்டைக் கொடுத்து, நோட்டில் அவர் பெயருக்கு நேராக வேலைக்குத் தகுதி என்று எழுதியிருக்கிறார். நைனாவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாராம். எல்லோரும் சிரிக்கும்போது அவர் வேறு என்ன செய்வார்? மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு மெஷினுக்குப் போய்விட்டார்.

இரண்டு மணி நேரம் தகடு வெட்டியிருக்கிறார். பிறகு அப்படியே சாய்ந்துவிட்டார். தகடு தள்ளுகிற வண்டியில் போட்டு மருந்தகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்பா அவர் மார்பை அழுத்தினார், ஊசி போட்டார், கம்பெனி வேனில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தானே மடியில் வைத்துக் கொண்டுபோனார். வழியிலேயே உயிர் போய்விட்டது. மாரடைப்பு. மேல்வயிற்று வலியாகவும் அது வரும் என்று தொலைந்துபோன அந்தப் புத்தகங்களைப் படித்த எவருக்கும் தெரியும்.

உடம்பு வீட்டுக்கு வந்தபோது சிநேகிதி இன்னும் பட்டுப் பாவாடையில்தான் இருந்தாள். யாருக்கும் அதை மாற்றிவிடத் தோன்றவில்லை. நான் அவளுக்குப் பக்கத்தில் போகவில்லை. எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று, நான்தான், நான்தான் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா என்னை இழுத்து உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள்.

அன்று இருட்டியதும் அப்பா அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். "கையைத் தொட்டுப் பாத்திருந்தா போதும். சில்லுன்னு வேர்த்திருக்கும். ஒரு நிமிஷம். நான் தொடவே இல்ல." அம்மா அவர் வாயைத் தன் கையால் பொத்தினாள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு காரியத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் மேனேஜர் வந்தார். அப்பாவும் அம்மாவும் அவரோடு பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். நானும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு போனேன். அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. சண்டைக்குக் கிளம்புகிறபோது அவருக்குக் கழுத்து நரம்பு புடைக்கும், அன்றும் புடைத்திருந்தது. சொன்னால் வேலை போகும். அதுவும் எனக்குத் தெரிந்தது. அவர் வாய் திறப்பதற்குள் சிநேகிதியின் அம்மா எழுந்து வந்து அவர் காலில் விழுந்தாள்.

"அய்யா, அவரு ஒரு நாளும் பொய் சொன்னதில்ல அய்யா. நான்தான் கொயந்த ஆசப்படுது, ஒரே ஒரு நாளு வலின்னு சொல்லி மெடிக்கல் போட்டுகினு வான்னு அனுப்ச்சேன். இல்லாத வலிய இருக்குதுன்னு சொன்னாரு, அதான் நெசமாவே வந்துட்சு. உங்க மேல தப்பு இல்ல அய்யா. பொய் சொல்லி உங்கள அலைய வெச்சதுக்கு நீங்கதான் மன்னிக்கணும்."

அப்பா, "இல்லம்மா..." என்றார். அம்மாவின் கை அவர் முழங்கையைப் பிடித்தது. எனக்கு நேர் எதிரே இருந்தது அந்தக் கை. விரல்கள் சதைக்குள் அழுந்தியிருந்தன. மேனேஜர் மெதுவாக, "அவங்களே சொல்லிட்டாங்களே டாக்டர்" என்றார். அப்பா குனிந்து அந்த அம்மாவை எழுப்பி உட்காரவைத்தார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வேலையை நியாயத்துக்காக உதறியவர், மூன்றாவதை அந்த ஒரு நிமிட மௌனத்தில் காப்பாற்றிக்கொண்டார். அவரைக் குறை சொல்லுகிற யோக்கியதை எனக்கு இல்லை. அம்மாவையும் சொல்லமாட்டேன், போக இடமில்லாதவளின் கை அது.

அடுத்த மாதமே நிரந்தரம் ஆகிவிட்டது. யாரும் பாயசம் வைக்கவில்லை. சிநேகிதியின் அம்மாவுக்குக் கம்பெனி கேண்டீனில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். தினமும் காலையில் மருந்தகத்துக்கு டீ கொண்டுபோய்க் கொடுப்பது அவள்தான். அப்பா அதை வாங்கிக் குடித்தார், ஓய்வு பெறுகிற வரைக்கும். அதற்குப் பிறகு வயிற்று வலி என்று வந்த ஒருவரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை. மேனேஜரும் ஏன் என்று கேட்கவில்லை. குடும்ப ஜெபத்தில் அப்பா உட்காருவார், வாய் திறக்கமாட்டார். நானும் சத்தமாக ஜெபிப்பதை விட்டுவிட்டேன். உனக்கு என்ன ஆச்சு என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் நானும் அழுதிருப்பேன், அவரும் அழுதிருப்பார். கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

சிநேகிதி கல்யாணமாகி வேலப்பன்சாவடிக்குப் போனாள். கடைசிக் காலத்தில் அவள் அம்மா அவளோடுதான் இருந்தாள். போன வருஷம் அந்த அம்மா தவறிப்போன சேதி வந்து, காரியம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் போனேன். கூடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவள் அம்மா கடைசி வரைக்கும், உங்க தாத்தா பொய் சொல்லிச் செத்தாரு, நீங்கள்லாம் பொய் சொல்லாதீங்க என்று பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். அதைக் கேட்டதும் என்னால் தாங்க முடியவில்லை.

"உங்க நைனா பொய் சொல்லலடி" என்றேன். "அன்னைக்கு அவருக்கு நிஜமாவே வலி. எங்கப்பா வீட்டுல சொன்னாங்க. நான் கேட்டேன்."

அவள் அசையவில்லை. "தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"காலைல குளிக்கிற ரூமாண்ட குந்திகினு வாந்தி எட்த்துச்சு. சட்டையெல்லாம் வேர்வை. நான்தான் பாத்தேன். அம்மாவாண்ட சொல்லாத, சொன்னா போவ வுடாது, டாக்டர் மாத்திர குட்த்தா சரியாயிடும்னுச்சு. நானும் சொல்லல. எனக்கு ராட்டினம் ஏறணும்."

"அம்மாட்ட அப்புறமாவது சொல்லியிருக்கலாமேடி."

"எப்டி சொல்றது? நைனா சாவ நான்தான் காரணம்னு ஆயிடாது? இன்னிக்கு சொல்லலாம், நாளிக்கு சொல்லலாம்னு பாத்துகினே இருந்தேன். அம்மாவும் போயிட்சு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் எனக்கு இன்னிக்கும் புரியல. வரிசைல உங்கப்பா பொருட்காட்சின்னு கேட்டாராம், கூட நின்னவங்க சொன்னாங்க. நாங்க பொருட்காட்சிக்குப் போறது உங்கப்பாக்கு எப்டி தெரிஞ்சுது? நைனா வெளில யாராண்டயும் சொல்லாது. அம்மாவும் சொல்லல. நான் உங்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

குத்திக் கேட்கவில்லை. விடை தெரியாமல்தான் கேட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலையே" என்றேன்.

"ஆமா, உனக்கு எப்டி தெரியும். நீயும் கொயந்ததான" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.